மூன்று கிடார்கள் சேர்ந்தால் இரைச்சலாகிறது, ஒரு பாட்டை எப்படிப் பிரித்து வாசிப்பது?

நீங்கள் கேட்டது இதுதான்: சேலத்தில் மூன்று நண்பர்கள், மூவரிடமும் அக்கூஸ்டிக் கிடார், ஒருவர் பாடவும் செய்கிறார். தனியாக வாசித்தால் நன்றாக வருவது சேர்ந்து வாசித்தால் கூச்சலாகிவிடுகிறது. அடுத்த விடுமுறைக்கு ஏற்காட்டில் உட்கார்ந்து வாசிக்கும் யோசனையும் இருக்கிறது.

கைத்திறன் குறைவு பெரும்பாலும் காரணமாக இருக்காது. மூவரும் ஒரே வேலையைச் செய்கிறீர்கள். ஓப்பன் கார்டுகளை (சில கம்பிகளை அழுத்தாமல் பிடிக்கும் சுரக்கூட்டுகள்) ஆறு கம்பியிலும் அடிக்கும்போது எழும் சுரங்கள் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸிலிருந்து 392 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். பாடுபவர் குரலும் அநேகமாக அதே எல்லைக்குள்தான். அங்கே மூன்று கிடார்களும் முட்டினால் குரல் புதைந்துபோகும். மூன்று ஸ்ட்ரம்மிங்கும் (கம்பிகளைச் சேர்த்து அடிப்பது) மயிரிழை முன்பின்னாக விழுவதால் தாளமும் கலங்கும். ஆகவே எல்லையைப் பிரியுங்கள், தாளத்தைப் பிரியுங்கள், யார் எங்கே சும்மா இருப்பது என்று முடிவு செய்யுங்கள். மூன்றாவதுதான் கடினம், பலனும் அதில்தான் அதிகம்.

முதலில் ஸ்ருதி. மூவரும் மூன்று ட்யூனர் ஆப் வைத்துக்கொள்ளாமல் ஒன்றையே பயன்படுத்துங்கள். சிலருடைய ஆப்பில் அடிப்படை, அதாவது ஏ சுரத்தின் ஹெர்ட்ஸ், 440-க்குப் பதில் 432 அல்லது 442 என்று மாறிக் கிடக்கும். 440-உம் 442-உம் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு அதிர்வு அலைபோல ஏறி இறங்கும், காதுக்கு அது அபஸ்வரம். கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் சுரம் இருக்க வேண்டியதைவிடச் சற்று ஏறும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் மாட்டி, மாட்டிய பிறகு இன்னொரு முறை ட்யூன் செய்யுங்கள்.

இனி எல்லை. ஸ்கேலைப் பாடுபவர் குரலுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள், கிடாருக்கு வசதியாக அல்ல. அது சி மேஜர் என்று வையுங்கள், கார்டுகள் சி, ஜி, ஏ மைனர், எஃப். முதல் கிடார் இதையே ஓப்பனாக, கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் தடித்த நான்கு கம்பிகளில் பிடிக்கட்டும். இரண்டாவது கிடார் 5-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி, டி, இ மைனர், சி வடிவங்களில் பிக்கிங் செய்யட்டும், அதாவது கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டட்டும். ஒலிப்பது அதே கார்டுகள்தான், ஆனால் அந்தக் கிடாரின் அடிச்சுரமே 110 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். மூன்றாவது கிடாருக்கு மெல்லிய மூன்று கம்பிகள் போதும். ஜி, பி, இ என்ற வரிசையில் ஃப்ரெட் எண்கள்: சி-க்கு 5-5-3, ஜி-க்கு 4-3-3, ஏ மைனருக்கு 5-5-5, எஃப்-க்கு 5-6-5. கை மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து ஆறாவதைத் தாண்டாது. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகையில் ஓரிரு விரல்தான் பெரும்பாலும் நகரும், அதனால் மாற்றம் வழுக்கிக்கொண்டு போவதுபோல் கேட்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். கேப்போ போட்டவர் "ஜி" என்றால் மற்றவருக்கு அது சி. நடுப்பாட்டில் ஒருவர் "ஜி போ" என்று கத்தினால் இருவர் இரண்டு திசையில் போவார்கள். தாளில் கார்டு பெயர் எழுதாமல், ஸ்கேலில் அது எத்தனையாவது சுரம் என்பதை வைத்து 1-5-6-4 என்று எண்ணாக எழுதுங்கள். எண் எல்லோருக்கும் பொது. பாடுபவர் தொண்டை சரியில்லை என்று ஸ்கேலை அரைச்சுரம் இறக்கினாலும் தாளை மாற்ற வேண்டாம்.

தாளத்தில், நான்கு அடிகள் கொண்ட 4/4 பாட்டென்றால் முதல் கிடார் 1, 3-ஆம் அடிகளில் பேஸ் (கீழ்ச்சுர) கம்பியோடு அடிக்கட்டும். மூன்றாவது கிடார் 2, 4-இல் மட்டும் குட்டையாக வெட்டி, அடித்த உடனே இடக்கை அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை அடக்கட்டும். இடைவெளியை இரண்டாமவரின் பிக்கிங் நிரப்பும். ஆறு அடிகள் கொண்ட 6/8 பாட்டில் (நம் மெலடிகளில் நிறைய உண்டு) அழுத்தம் 1-இலும் 4-இலும். அங்கே ஆறு அடியையும் பிக்கிங்காரரிடம் விட்டுவிட்டு, முதல் கிடார் அந்த இரண்டு அடியோடு நிற்பது நல்லது. ஸ்ட்ரம்மிங் செய்பவர் 0.60 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய பிக் (மீட்டும் வில்லை) வைத்துக்கொண்டால் கம்பியின் முரட்டுத்தனமும் குறையும்.

இளையராஜா பாடல்களை எடுத்தால் பேஸில் தனி கவனம் வேண்டும். அங்கே பேஸ் பல இடங்களில் கார்டின் ஆதார சுரத்தில் நிற்காது, தனி மெட்டாகவே நடக்கும். அதை விட்டுவிட்டு ஆதார சுரத்தை மட்டும் தட்டினால் கார்டெல்லாம் சரியாக இருந்தும் பாட்டு அந்தப் பாட்டாக இருக்காது. முதல் கிடாரிடமிருந்து ஸ்ட்ரம்மிங்கை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, முதல் கிடார்காரரைத் தடித்த இரண்டு கம்பிகளில் அந்த பேஸை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையைப் பிரிட்ஜில் (கம்பிகள் உடலில் பொருந்தும் கட்டை) லேசாக வைத்தால் ஒலி குறுகி, பேஸ் கிடாருக்குக் கிட்டத்தில் வரும்.

லீட், அதாவது தனிச் சுர வரிசைகளை வாசிப்பவருக்கு ஒரே வேண்டுகோள்: பாடும்போது பாட்டின் மெட்டையே கூடவே வாசிக்காதீர்கள். குரல் எடுக்கும் கமகமும் கம்பியை வளைத்து எடுப்பதும் ஒரே சுரத்தில் போய் நிற்பது அரிது. வரி முடிந்து மூச்சு விடும் இடத்தில் நான்கு சுரம் போதும்.

பாட்டின் வரைபடத்தை ஒரே தாளில் எழுதுங்கள்: முன்னிசை, பல்லவி, முதல் இன்டர்லூட், சரணம், பல்லவி என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை பார் (தாளச் சுற்று) என்ற கணக்கோடு. இன்டர்லூடில் சில சமயம் அரை பார் கூடுதலாக ஒளிந்திருக்கும், சரணத்துக்கு முன் எல்லோரும் தடுமாறுவது அங்கேதான். அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். முதல் சரணத்தில் மூன்றாவது கிடார் முழுக்க ஓய்வெடுக்கட்டும். இரண்டாவது சரணத்தில் அது நுழையும்போது பாட்டு தானாக விரியும்.

பயிற்சியை இருவர் இருவராகச் செய்யுங்கள்: ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், பிறகுதான் மூவரும். நிமிடத்துக்கு 100 அடி வேகத்துப் பாட்டை மெட்ரோனோமில் 70-இல் தொடங்குங்கள். லீட் பகுதி வந்தால் வேகம் ஏறுவது எல்லாக் குழுவிலும் நடக்கும். அந்த நேரத்தில் ஸ்ட்ரம்மிங்காரர் லீடைப் பின்தொடரக் கூடாது, லீட்தான் அவரைப் பின்தொடர வேண்டும். ஒருவர் வலக்கை மற்றவருக்குத் தெரியும்படி வட்டமாக உட்காருங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையென்றால் தரையில் ஒரு பவானி ஜமுக்காளம் விரித்து, எதிர்ச்சுவரில் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் எதிரொலி நன்றாகக் குறையும். போனை நடுவில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது அவரவர் கிடார்தான் அவரவர் காதில் பெரிதாகக் கேட்கும்.

பதிவில் படிப்படியாகத் தேய்ந்து மறையும் பாட்டுக்கு நீங்களே முடிவு வைக்க வேண்டும். பல்லவியின் கடைசி வரியை மூன்று முறை பாடி, மூன்றாவதில் வேகம் குறைத்து, 1-ஆம் அடியில் மூவரும் சேர்ந்து விழுவது எளிது. யார் தலையசைப்பது, எப்போது கம்பியை அடக்குவது என்பதையும் பேசிவிடுங்கள்.

ஏற்காட்டுக்குப் போவதானால்: சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். வெயிலில் இருந்த கிடாரைக் குளிருக்குக் கொண்டுபோனால் எஃகுக் கம்பி சுருங்கிச் சுரம் ஏறும். கேஸைத் திறக்காமல் அரை மணி நேரம் அறையில் வைத்து, பிறகு ட்யூன் செய்யுங்கள், முதல் பாட்டு முடிந்ததும் மறுபடி பாருங்கள். பனிமூட்ட நாளில் மரம் ஈரம் குடித்து உப்பும், கம்பி ஃப்ரெட்டை விட்டு எழும்பும். வாசிக்காத நேரத்தில் சிலிக்கா ஜெல் பையோடு கேஸுக்குள்ளேயே இருக்கட்டும். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கிய பிறகு கிடாரை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், சூட்டில் பசை இளகிப் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.