குட்டைய சம்பு மூடிருச்சு, களைக்கொல்லி அடிக்கலாமா?

பண்ணைக்காடு பக்கம் ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. காபிக்கு கீழ ஓடையோரமா கால் ஏக்கர்ல குட்டை, அதுல மோட்டார் வெச்சுத்தான் பீன்ஸுக்கும் சௌசௌ பந்தலுக்கும் தண்ணி விடுறாரு, மூணு வருஷத்துல பாதிக்கு மேல சம்பு, அதான் தண்ணியோரமா ஒசரமா வளர்ற கோரை மாதிரிச் செடி, மூடி ஃபுட் வால்வுல, அதாவது தண்ணிக்குள்ள இருக்கற மோட்டார் குழாயோட அடிவாயில, சருகு அடைக்குதாம். கடையில களைக்கொல்லி அடிங்கன்னு சொல்லிருக்காங்க, அடிக்கலாமாங்கறாரு.

அண்ணே, வேணாம்ணே. மொதல்ல உங்க பீன்ஸுக்காகவே வேணாம். கடையில தர்ற களைக்கொல்லி டூ ஃபோர் டி (2,4-D)னா, அது அகல இலைப் பயிரைத்தான் மொதல்ல தாக்கும், நீங்க அதே தண்ணிய மறுபடி மோட்டார்ல எடுத்து பீன்ஸுக்குத்தான் விடப்போறீங்க, கொழுந்து சுருண்டு பூ கொட்டுனதுக்கப்பறம் யாரைக் கேட்டும் பிரயோஜனமில்ல. கிளைபோசேட்னா, இலையில ஒட்டறதுக்காக அதுல கலக்குற சோப்பு மாதிரி ஐட்டம் தலைப்பிரட்டைய சாகடிச்சிரும். அதுபோக மொத்த சம்பும் ஒரே நேரத்துல அழுகுனா தண்ணியில ஆக்சிஜன் கொறைஞ்சு மீனும் மெதக்கும்.

காலையில வெயில் ஏர்றதுக்குள்ள குட்டைக்குப் போய் சம்புத் தண்டை உத்துப் பாருங்க, தண்ணிக்கு ஒரு சாண் மேல முதுகு வெடிச்ச ஒரு காஞ்ச கூடு ஒட்டிட்டிருக்கும், காலெல்லாம் அப்படியே தண்டைப் புடிச்சபடி. அது தட்டான் உரிச்ச சட்டை. தண்ணிக்குள்ள கொசுப்புழுவ தின்னு வளர்ற தட்டான் குஞ்சு றெக்கையோட வெளிய வர ஏறிவர ஒரு தண்டு வேணும்ணே, சம்பு மொத்தமும் போனா அது எதுல ஏறும்? கானாங்கோழி கூடு கட்டுறதும் அந்தப் புதருக்குள்ளதான், ராத்திரி பீன்ஸ் பாத்தியில வெட்டுப்புழு பொறுக்குற தவளை பகல்ல ஒதுங்குறதும் அங்கதான். பங்குனி வெயில்ல தேனீ தண்ணி குடிக்க இந்த ஈரக் கரைக்குத்தான் வரும். சௌசௌவுக்கு ஆண் பூ வேற பெண் பூ வேற, தேனீ வரலைன்னா பிஞ்சு பிடிக்காது.

அதுக்காக அப்படியே விடச் சொல்லல. மூணுல ஒரு பங்கு போதும், தோட்டத்துத் தண்ணி உள்ள எறங்குற பக்கமா அதை வெச்சுக்கங்க, உரமும் வண்டலும் அங்கயே தங்கிரும். சம்பு இவ்வளவு வேகமா மூடுதுன்னா யூரியா மழையில கரைஞ்சு கீழ வருதுன்னுதான் நான் நெனைப்பேன், மேல பாத்தியோரமா ரெண்டடிக்கு புல்லு விடுங்க, உரத்தை ஒரேடியா போடாம பிரிச்சுப் போடுங்க.

மிச்சத்தை அறுக்கணும், புடுங்கக் கூடாது, புடுங்குனா கிழங்கு துண்டாகி நாலு பக்கமும் முளைக்கும். ஒரு தண்டை குறுக்க வெட்டிப் பாருங்க, உள்ள சல்லடை மாதிரி ஓட்டையா இருக்கும், சேத்துக்குள்ள இருக்கற கிழங்கு மூச்சு விடறதே அந்த வழியாத்தான். புரட்டாசி கடைசியில தண்ணி கொறைஞ்சிருக்கறப்ப காஞ்ச தட்டையும் சேத்து தரையோட அறுத்துருங்க, ஐப்பசி மழையில தண்ணி ஏறி வெட்டுவாயை மூடிருச்சுன்னா காத்து கெடைக்காம கிழங்கு அழுகிரும். ஒண்ணு ரெண்டு தலை நீட்டுனா தண்ணிக்கு கீழ வெச்சு மறுபடி நறுக்குங்க, ரெண்டு வருஷம் விடாம பண்ணனும். அறுக்கறதுக்கு முன்னாடி குச்சியால புதரைத் தட்டுங்க, பாம்பு விலகிரும், கூட்டுல முட்டை இருந்தா அந்தத் தூரை மட்டும் விட்டுருங்க. பழுப்புக் கதிர் வெடிச்சு பஞ்சு பறக்கறதுக்குள்ள அதையும் வெட்டிருங்க, ஒரு கதிர்லயே லட்சத்துக்கு மேல விதை. கதிர் நீக்குன தழைய காபிக்கு மூடாக்கா போடுங்க.

நடுவுல அஞ்சடி ஆழம் இருந்தா சம்பு அங்க வேர் விடாது, கோடையில வத்துனா வண்டலை எடுங்க. காட்டுமாடு தண்ணிக்கு எறங்குற தடத்தை மட்டும் அடைச்சிராதீங்க, அடைச்சா பந்தல் வழியா வரும்.

ஃபுட் வால்வை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள்ள வெச்சு கொசுவலை சுத்தி, தரையில இருந்து ஒரு அடி ஒசரத்துல தொங்க விடுங்க, அடைப்பு நாளைக்கே கொறையும்.