மானிட்டர் அடிக்கடி கறுத்துப் போகிறதா? பேனலில் கை வைக்க விடாதீர்கள்

கேள்வி: என் மானிட்டருக்கு இரண்டு வயது. கொஞ்ச நாளாகத் திரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் மின்னி மறைகின்றன. நடுநடுவே ஓரிரு நொடி முழுத்திரையும் கறுத்து, தானாகவே திரும்பி வருகிறது. பார்க்க வந்தவர், “பேனல் போயிடுச்சு, மாத்தணும்” என்கிறார். மாற்றலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பேனலை, அதாவது படம் காட்டும் திரைப் பகுதியை, சந்தேகிப்பதற்கு முன் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். பேனல் போனால் பெரும்பாலும் கோடு விழும், ஒரு பட்டை இருண்டுவிடும், விழுந்தது அதே இடத்தில் கிடக்கும். திரை முழுக்கப் புள்ளி சிதறுவதும், ஒரு நொடி கறுத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல வருவதும் சிக்னல் வழியில் அறுந்து அறுந்து வருவதன் அடையாளம்.

நீங்களே பார்த்துவிடலாம். புள்ளிகள் தெரியும்போது மானிட்டரின் பட்டனை அழுத்தி அதன் மெனுவை வரவழையுங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எல்லாம் இருக்குமே, அதுதான். அந்த மெனு கம்ப்யூட்டரிலிருந்து வருவதில்லை, மானிட்டரே வரைவது. பின்னால் படத்தில் புள்ளிகள் பறக்க, மெனுக் கட்டத்துக்குள் மட்டும் துடைத்தாற்போல இருந்தால் பேனல் நன்றாகவே இருக்கிறது. மெனு மேலேயும் கோளாறு ஏறினால்தான் மானிட்டரைக் குறை சொல்ல வேண்டும். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் பாருங்கள். அதிலும் புள்ளிகள் இருந்தால் கோளாறு கம்ப்யூட்டரில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டில், அல்லது அதை இயக்கும் டிரைவர் மென்பொருளில். இல்லையென்றால் கார்டை முழுதாக விடுவிக்க முடியாது, ஆனாலும் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான்.

அப்புறம் கேபிள். செட்டிங்ஸில் ரெசல்யூஷனையோ (படத்தில் எத்தனை புள்ளிகள்), ரிஃப்ரெஷ் ரேட்டையோ (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது) குறைத்துப் பாருங்கள். 1920 × 1080, 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு எச்டிஎம்ஐ வழியே நொடிக்குச் சுமார் 4.5 கிகாபிட் போனால் போதும். 4கே (3840 × 2160), 60 ஹெர்ட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 18 கிகாபிட். குறைத்ததும் கறுப்பது நின்றால் கேபிளால் பாரம் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். வேறு கேபிள், முடிந்தால் வேறு போர்ட். தங்க முலாம் பூசியது என்று விலையேற்றி விற்பதை வாங்காதீர்கள். டிஜிட்டல் சிக்னலுக்கு முலாமும் ஒன்றுதான், முலாமில்லாததும் ஒன்றுதான். உங்கள் ரெசல்யூஷனுக்குத் தரச்சான்று பெற்றதா, நீளம் குறைவா, அது போதும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள், நாற்காலி. உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்ட் நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்சாரம் சேர்ந்து ஒரு மின்காந்தத் துடிப்பு கிளம்பலாம். உள்ளே சரியான உலோக உறையில்லாத கேபிள் அதை ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். சிக்னல் அறுந்து, மானிட்டரும் கம்ப்யூட்டரும் மறுபடி கைகோக்கும் வரை திரை கறுப்பு. ஆகவே திரை கறுக்கிற நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கவனியுங்கள். எழுந்தீர்களா? பக்கத்தில் ஃபேன் சுவிட்சைப் போட்டீர்களா? கண்டுபிடித்துவிட்டால் பேனலும் வேண்டாம், கார்டும் வேண்டாம். நல்ல உறையுள்ள கேபிள் போடுங்கள், அதில் ஃபெரைட் வளையம் (மின்காந்த இரைச்சலைத் தணிக்கும் சிறு காந்தப்பொருள் வளையம்) மாட்டுங்கள், சில நாள் மரநாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இவ்வளவு எளிதாக இருப்பதால்தானோ என்னவோ, இதை யாரும் சோதிப்பதே இல்லை.

கறுக்கும்போது மானிட்டரின் பவர் விளக்கும் சேர்ந்து அணைகிறதா என்றும் பாருங்கள். அணைந்தால் பிரச்சினை கரண்ட் வழியில். அடாப்டர், அதன் முனை, உள்ளே இருக்கும் பவர் போர்டு. நீங்களே பின்மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

இனி அந்த “பேனல் போயிடுச்சு” ஆசாமி. மெனுவைத் திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவரை நம்பாதீர்கள். பேனல் விலையும் கூலியும் சேர்ந்தால் புதிய மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். போடுவதும் பெரும்பாலும் வேறொரு மானிட்டரிலிருந்து கழற்றியதாக இருக்கும். இன்னொரு தந்திரம், கோடு விழுந்த திரையின் விளிம்பை உள்ளிருந்து அழுத்தி டேப் ஒட்டிக் கொடுப்பது. கோடு மறையும், நீங்கள் பணத்தைக் கொடுப்பீர்கள், சில நாளில் அதே இடத்தில் திரும்பி வரும். தயாரிப்பாளர்களும் சளைத்தவர்கள் இல்லை. உதிரிபாகத்தைத் தனியாக விற்க மாட்டார்கள், ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் கிளிப்பும் பசையும் வைப்பார்கள். அப்புறம் யார்தான் ஒழுங்காகப் பழுது பார்ப்பது?

வாரண்டி மிச்சமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்று ஆண்டு தருகிற மானிட்டர்கள் நிறையவே உண்டு. இருந்தால் வெளியாள் யாரையும் மூடியைத் தொட விடாதீர்கள். கோளாறு வரும்போது, திரையில் மெனு திறந்திருக்க, போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் வைத்த நேரம் பார்த்து இந்தக் கோளாறு வராது, “செக் பண்ணோம், எல்லாம் ஓகே” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொடுக்கும்போது பின்னாலிருக்கும் சீரியல் நம்பரையும், திரையில் கீறல் இல்லை என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.