மூன்று புள்ளி

அன்புள்ள சார்,

வணக்கம். நான்கு வருடங்களாக இங்கிலாந்தின் ரெடிங் நகரில் வேலை பார்க்கிறேன். இங்கு வந்த பிறகுதான் ரக்பி பார்க்க ஆரம்பித்தேன். இப்போது கிரிக்கெட்டைவிட இதுதான் பிடித்திருக்கிறது. நீங்கள் வேல்ஸின் கார்டிஃபில் இருந்தவர், ரக்பி பற்றி அவ்வப்போது எழுதுபவர் என்பதால் கேட்கிறேன். நியூசிலாந்தின் டான் கார்ட்டர், இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் இருவரில் யார் பெரியவர்? நண்பர்களுக்குள் இதில் பெரிய வாக்குவாதம். ஒருவர் வேல்ஸின் நீல் ஜென்கின்ஸ் பெயரையும் சொன்னார். பழைய காணொளிகளைத் தேடிப் பார்த்தேன். ஓட்டம் இல்லை, வேகம் இல்லை, வெறும் உதைக்கும் இயந்திரமாகத் தெரிந்தது. அவரை இந்த வரிசையில் சேர்ப்பது நியாயமா? நம் ஊரில் ரக்பி வளர வாய்ப்பு உண்டா?

இன்னொன்று. என் மகனுக்கு 12 வயது. பள்ளி அணியில் கோல் உதைப்பதில்தான் அவனுக்கு ஆசை. 'சும்மா உதைக்கிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள், ஓடக் கற்றுக்கொள்' என்று சொல்லிவருகிறேன். சரிதானே?

செந்தில்

*

அன்புள்ள செந்தில்,

கார்ட்டர்தான். 112 டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான) ஆட்டங்களில் 1598 புள்ளிகள். ஓடுவது, பந்தைக் கைமாற்றுவது, எதிராளியை மடக்கி வீழ்த்தும் டேக்கிள் எல்லாமே தெரிந்தவர். 2015 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், நியூசிலாந்துக்காகத் தான் உதைத்த கடைசிப் பந்தை, இடதுகால் ஆட்டக்காரரான அவர் வலது காலால் உதைத்துக் கம்பங்களுக்கு உள்ளே அனுப்பினார். உங்கள் நண்பர்களிடம் சொல்லி இந்த வாக்குவாதத்தை முடித்துவிடுங்கள். நம் ஊரில் ரக்பி வளருமா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை. பிடித்தவர்கள் ஆடட்டும்.

நான் எழுத உட்கார்ந்தது ஜென்கின்ஸைப் பற்றிய உங்கள் இரண்டு வரிகளுக்காக. சில வாரங்களாகவே அவர் என் நினைவில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது, படித்ததும் கோபமும் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கார்டிஃபில் இருந்தேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் வேல்ஸின் லனெத்லி ஊர்ப் பக்கத்து ஆள், என்னைவிட இருபது வயது மூத்தவர். எனக்கு ரக்பி விதிகளைச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். வேல்ஸுக்கு 10ஆம் எண் போட்டு ஆடிய பேரி ஜான், ஃபில் பென்னட், ஜானதன் டேவிஸ் மூவருமே அவர் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்தவர்கள். வேல்ஸில் 10ஆம் எண் சட்டை, அதாவது ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃபின் சட்டை, சாதாரண விஷயமில்லை. அதைப் போட்டவன் எதிராளிகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், அரங்கு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வரிசையில் பான்டிப்ரீத் பக்கத்துச் சர்ச் வில்லேஜிலிருந்து செம்பட்டைத் தலையோடு ஒருவர் வந்து நின்றால்? என் நண்பர் திங்கட்கிழமை தவறாமல் சொல்வார்: "அவன் உதைக்க மட்டும்தான் லாயக்கு." நீங்கள் எழுதியிருப்பதும் அதேதான். அவராவது பேரி ஜானை நேரில் பார்த்து வளர்ந்தவர், அந்த ஏக்கத்தில் பேசினார். உங்களுக்கு என்ன வந்தது? நாலு காணொளி பார்த்துவிட்டு ஒருவரின் பன்னிரண்டு வருட உழைப்பைத் தள்ளிவிடுவீர்களா?

1991 ஜனவரியில், 19 வயதில், கார்டிஃபில் இங்கிலாந்துக்கு எதிராக ஜென்கின்ஸ் முதன்முதலாக வேல்ஸுக்கு ஆடினார். 1963க்குப் பிறகு அந்த மைதானத்தில் இங்கிலாந்து ஜெயித்ததே இல்லை. அன்று ஜெயித்தது, 25-6. இங்கிலாந்தின் சைமன் ஹாட்ஜ்கின்சன் ஏழு பெனால்டிகளை, அதாவது எதிரணியின் தப்புக்குக் கிடைக்கும் உதைகளை, உள்ளே அனுப்பினார். அந்தப் பையன் வேல்ஸ் சட்டையில் கற்ற முதல் பாடமே அதுதான் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த பத்து வருடங்கள் வேல்ஸ் ரக்பிக்குக் கெட்ட காலம். நல்ல ஆட்டக்காரர்கள் பணத்துக்காக ரக்பி லீக் என்ற தனி ஆட்டத்தின் பக்கம் போய்விட்டார்கள். 1998இல் பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்காவிடம் 96-13 என்று தோற்றார்கள். இப்படிப்பட்ட அணியில் இருந்துகொண்டுதான் ஜென்கின்ஸ் புள்ளி சேர்த்தார். அவரை ஃப்ளை-ஹாஃபாக நிறுத்தினார்கள், சென்டருக்குத் தள்ளினார்கள், ஃபுல்பேக்காகப் பின்னால் அனுப்பினார்கள். ஓடத் தெரிந்த இளைஞன் எவனாவது தென்பட்டால் 10ஆம் எண்ணை அவனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எங்கே நிறுத்தினாலும் கடைசியில் உதைக்க இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

கூட்டுக்குடும்பத்தில் பாடத் தெரிந்த தம்பியை ஊரே கொண்டாடும். மாதாமாதம் பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் பணம் எடுத்து வைக்கிற அண்ணனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வேல்ஸ் தன் அண்ணனை அப்படித்தான் நடத்தியது.

சரி, ஓட்டம்தான் அழகு, உதை வெறும் கணக்கு என்கிறீர்கள். கணக்கையே பார்ப்போம். பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்த் தரையில் வைக்கும் ட்ரைக்கு 5, அதற்குப் பிறகு உதைக்கும் கன்வெர்ஷனுக்கு 2, பெனால்டிக்கு 3, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விழவிட்டு உதைக்கும் டிராப் கோலுக்கு 3. 1997இல், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்த பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்கா போனது. உலகக் கோப்பையைக் கையில் வைத்திருந்த அணியை அதன் மண்ணிலேயே சந்திக்கப் போனார்கள். அந்த மார்ச்சில்தான் ஜென்கின்ஸுக்குக் கை எலும்பு முறிந்திருந்தது. ஆனாலும் போனார். மூன்று டெஸ்டிலும் ஃபுல்பேக்காக ஆடினார். கேப் டவுனில் நடந்த முதல் டெஸ்டில் ஐந்து பெனால்டி, லயன்ஸுக்கு வெற்றி. இரண்டாவது டெஸ்ட் டர்பனில், ஜூன் 28. அன்று தென்னாப்பிரிக்கா மூன்று ட்ரை போட்டது. லயன்ஸ் ஒன்றுகூடப் போடவில்லை. நீங்கள் சொல்லும் அழகெல்லாம் ஒரே பக்கம்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று ட்ரைக்குப் பிறகான கன்வெர்ஷன்களில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் உதைத்துப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் ஜென்கின்ஸ் ஐந்து முறை வந்து நின்றார், ஐந்து முறையும் உள்ளே. 15-15. பிறகு ஜெரமி கஸ்காட்டின் டிராப் கோல், 18-15. தொடர் லயன்ஸுக்கு. கஸ்காட்டின் படம்தான் இன்றுவரை எல்லா இடத்திலும் வருகிறது. மூன்று டெஸ்டில் 41 புள்ளி எடுத்தவர் ஜென்கின்ஸ்.

இதில் பலர் பார்க்கத் தவறும் ஒன்று உண்டு. பெனால்டி யாரோ தூக்கிக் கொடுக்கும் தானம் இல்லை. முன்வரிசை ஆட்கள் முட்டி மோதி, எதிரணியைத் திணறவைத்து, தப்பு செய்ய வைத்து வாங்குவது. அதை மூன்று புள்ளியாக மாற்ற ஆள் இல்லையென்றால் அந்த உழைப்பு அத்தனையும் புல்லில் கொட்டிப் போகிறது. நம்பகமான உதைப்பாளர் ஒருவர் அணியில் இருக்கிறார் என்று தெரிந்தால் எதிரணி தன் பாதியில் தப்பு செய்யவே பயப்படும். பந்தின் மேல் படுத்துக்கொண்டு தாமதப்படுத்த முடியாது, முன்னால் வந்து வழி மறிக்க முடியாது. அப்படித் திறக்கும் இடைவெளியில் ஓடித்தான் வேகக்காரர்கள் உங்கள் காணொளியில் இடம்பிடிக்கிறார்கள். நீங்கள் ரசிக்கும் அந்த ஓட்டத்திலும் உதைப்பவரின் பங்கு இருக்கிறது.

மூன்று புள்ளியை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1999 ஏப்ரல் 11. கார்டிஃபில் புது அரங்கு கட்டிக்கொண்டிருந்ததால் வேல்ஸ் தன் சொந்த ஆட்டத்தை லண்டன் வெம்ப்ளியில் ஆடியது. ஜெயித்தால் இங்கிலாந்துக்கு கிராண்ட் ஸ்லாம், அதாவது ஐந்து நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டத்திலும் வெற்றி. அவர்கள் மூன்று ட்ரை போட்டுவிட்டார்கள். இங்கிலாந்துக்கு அன்று உதைத்தவர் வில்கின்சன்தான், 19 வயது, சென்டராக ஆடினார், 16 புள்ளி. வேல்ஸை ஆட்டத்தில் பிடித்து வைத்திருந்தது ஜென்கின்ஸின் ஆறு பெனால்டிகள். கடைசி நிமிடங்களில் 31-25. இங்கிலாந்துக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கம்பத்துக்கு உதைத்திருந்தால் ஒன்பது புள்ளி முன்னிலை. கேப்டன் டலாலியோ வேண்டாமென்று சொல்லி, ட்ரை போடும் ஆசையில் பந்தை மூலைக்கு அனுப்பச் சொன்னார். ட்ரை வரவில்லை. சற்று நேரத்தில் ஸ்காட் கிப்ஸ் ஆட்களை உதறிக்கொண்டு ஓடிப்போய் வேல்ஸுக்கு ட்ரை போட்டார். 31-30. ஜென்கின்ஸ் வந்தார். 32-31. என் மேஜை நண்பர் அன்று வெம்ப்ளியில் இருந்தார். திங்கட்கிழமை குரல் கட்டிப் போயிருந்தது. கிப்ஸைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார். "அந்த இரண்டு புள்ளி?" என்று கேட்டேன். பேச்சை நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்தப் பழைய வசனத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

அப்புறம், இயந்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அவர் வாந்தி எடுப்பார். பதற்றம். லயன்ஸ் பயணத்தின் ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இயந்திரம் வாந்தி எடுக்காது, செந்தில். அந்த வயிற்றோடு வெளியே வந்து, வாளியில் கொண்டுவந்த மணலைக் கையால் குவித்து, அதன் மேல் பந்தை நிறுத்துவார். அன்றைய பழக்கம் அது. பந்தை நிறுத்த 'டீ' என்ற பிளாஸ்டிக் தாங்கி வந்த பிறகும் அவர் சீக்கிரம் மாறவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்புதான் நூறு கிலோ ஆள் ஒருவன் மேலே விழுந்திருப்பான். மூச்சு அடங்கியிருக்காது. அந்த நிலையில் காலை ஒரே மாதிரி வீச வேண்டும். 2003-04இல், கெல்டிக் வாரியர்ஸ் அணிக்கு ஆடியபோது, தொடர்ந்து 44 உதைகளைத் தவறவிடாமல் அடித்தார். அன்றைய உலக சாதனை. அப்போது அவருக்கு 32 வயது.

இந்தச் சாதனைகள் எப்படிப்பட்ட நாட்களில் வந்தன என்று பாருங்கள். 1993இல் கனடாவுக்கு எதிராக எட்டு பெனால்டி. வேல்ஸின் 24 புள்ளியும் அவருடையது. கனடா கடைசியில் ட்ரையும் கன்வெர்ஷனும் எடுத்து 26-24 என்று ஜெயித்தது. 1999 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் லைனாவின் 911 புள்ளி என்ற உலக சாதனையைத் தாண்டினார். அந்த ஆட்டத்திலும் வேல்ஸ் சமோவாவிடம் தோற்றது. 2001இல் சர்வதேச ஆட்டங்களில் 1000 புள்ளியைத் தாண்டிய முதல் மனிதரானார். கடைசிக் கணக்கு 1090. 2008இல் எடின்பரோவில் அதை வில்கின்சன் தாண்டினார், அன்று இங்கிலாந்து தோற்றது. அடுத்த ஆட்டத்தில் வில்கின்சனை உட்காரவும் வைத்துவிட்டார்கள். தோற்ற அணியின் உதைப்பாளர் சாதனை படைத்தால் அதைக் கொண்டாட அன்று யாருக்கும் மனம் இருக்காது. உதைத்தவருக்கே இருக்காது.

ஓடத் தெரியாதவர் என்றீர்கள் அல்லவா? 2001 மார்ச், பாரிஸ். வேல்ஸ் 43, பிரான்ஸ் 35. ஜென்கின்ஸ் 28. ட்ரை, கன்வெர்ஷன், பெனால்டி, டிராப் கோல் என்று நான்கு விதத்திலும் அன்று புள்ளி எடுத்தார். அந்தக் காணொளி உங்கள் கண்ணில் படவில்லை போலும்.

மகனைப் பற்றி. அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னது தப்பு. 12 வயதுப் பையன் எல்லாரையும் போல ஓட விரும்பாமல், தனியாக நின்று ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய விரும்புகிறான் என்றால் அது அபூர்வமான மனம். அதைக் கிள்ளாதீர்கள். ஓட்டமும் டேக்கிளும் பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பார். உங்கள் வேலை கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக் கொடுப்பது. கால் வளர்கிற வயது என்பதால் ஒரு நாளைக்கு எத்தனை உதை என்பதையும் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு ஜென்கின்ஸ் வேல்ஸ் அணிக்கும் லயன்ஸ் அணிக்கும் உதைப் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் வளர்ந்தவர் லீ ஹாஃப்பென்னி. 2013இல் லயன்ஸ் ஆஸ்திரேலியா போனபோது ஹாஃப்பென்னி அந்தத் தொடரில் 49 புள்ளி எடுத்து, ஜென்கின்ஸின் 41ஐ முறியடித்தார். அந்தப் பயணத்தில் அவருக்கு உதை சொல்லிக்கொடுக்க உடன் இருந்தவர் ஜென்கின்ஸ்தான்.

டர்பன் ஆட்டம் முழுதாக எங்காவது கிடைத்தால் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். கஸ்காட்டின் உதைக்கு நேராகத் தாவிப் போகாமல், அதற்கு முந்தைய ஐந்தையும் பொறுமையாகப் பாருங்கள்.