மெரினாவின் மரப்பாதை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஞாயிறன்று குடும்பத்தோடு மெரினாவுக்குச் சென்றிருந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கென அமைத்த மரப்பாதையில், ஒரு மணி நேரத்தில் இரண்டே சக்கர நாற்காலிகளைத்தான் கண்டேன். மற்றபடி எங்களைப் போன்றவர்களே நடந்துகொண்டிருந்தோம். திறந்த சில நாட்களிலேயே புயலில் சேதமடைந்த பாதை அது. இதற்கு ஒரு கோடிக்கு மேல் செலவிடுவதைவிட, அவர்களைத் தூக்கிச் செல்ல நான்கு ஆட்களை நியமித்திருக்கலாமே?

ரா., வேலூர்

அன்புள்ள ரா.,

என் சித்திக்கு அந்த நான்கு ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். இளம்பிள்ளைவாதத்தால் இரு கால்களும் செயலிழந்தவர் அவர். சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் உலர்ந்த மணலில் நான்கடி உருள்வதற்குள் புதைந்துவிடும் என்பதால், மாமாக்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நடப்பார்கள். சுண்டல் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சித்தி ஒரு கையால் சேலையை இழுத்துப் பிடித்தபடி, தலை நிமிராமல் போவார். மூன்றாவது முறைக்குப் பிறகு, "நீங்கள் போய் வாருங்கள், நான் ஆட்டோவிலேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அவரைக் கடற்கரைக்கு வரக்கூடாதென்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் பிறர் தயவில்லாமல் அவரால் வர முடியவில்லை.

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமுமாக, 1.14 கோடி ரூபாய் செலவில் மாநகராட்சி அமைத்த அந்தப் பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டு, பிறகு எடுத்துவிடுவார்கள். டிசம்பர் 9 இரவு கரையைக் கடந்த மாண்டஸ் புயலில் பாதையின் கடலோர முனை சிதைந்தது உண்மைதான். செப்பனிட்டு மீண்டும் திறந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் பெயர்ந்துபோகும் தார்ச்சாலையைப் பார்த்து, இனி சாலையே வேண்டாமென்று நாம் சொல்வதில்லை.

மற்றவர்களும் அதில் நடப்பதை நான் குறையாகக் கருதவில்லை. முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் மணல் கடினமானதுதான். வழிவிட்டு நடந்தால் போதும். நீங்கள் எண்ணிய இரண்டு நாற்காலிகள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. சக்கர நாற்காலியில் வரவேண்டிய மற்றவர்கள் எங்கே நின்றுபோனார்கள்? உயரமான படிகள் கொண்ட பேருந்தில், சரிவு இல்லாத நடைபாதை விளிம்பில், வீட்டு வாசலில். எங்கள் தெருமுனைப் பூங்காவில் பைக் நுழையாதிருக்க இரும்புக் குழாய்களை வளைத்து நட்டிருக்கிறார்கள்; அந்த வளைவில் சக்கர நாற்காலி திரும்பாது. பெரிய கதவின் சாவி காவலாளியிடம் இருக்கிறது, காவலாளியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பொது இடங்களில் தடையின்றிப் புழங்குவதை உரிமையாக்கிய சட்டம் 2016லேயே வந்துவிட்டது. பெசன்ட் நகரிலும் இப்படியொரு பாதை அமைந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் தெருமுனைப் பூங்காக்களிலும் வழி திறந்தால்தான் அன்றாட மாலைகள் இவர்களுக்கும் கிடைக்கும்.

பாதை சீரான பிறகு ஒரு மாலை சித்தியை அழைத்துச் சென்றேன். நாற்காலியைத் தள்ளப் போன என் கையை விலக்கிவிட்டு, நடுவில் இருமுறை நின்று மூச்சு வாங்கினாலும், கடைசி வரை அவரே உருட்டிக்கொண்டு போனார். பாதை முடியும் இடத்தில், அலைச் சத்தம் நன்றாகக் கேட்கும் தூரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு மெதுவாக வா, நான் கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறேன்" என்றார்.