திருவிழாக் கணக்கும் நீர்க்காலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குப் பாம்பன் பக்கம். நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். இந்த வருடத் திருவிழாவுக்கு என்னைக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். படகுக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பிரித்த பணம். போன வருடக் கணக்கை இன்னும் வாசிக்கவில்லையே என்று கூட்டத்தில் கேட்டேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, “எல்லா அதிகாரமும் ஆண்டவர் கொடுத்தது. காசும் அவர் காசு. அவர் பார்த்துக்கொள்வார், நீ உட்கார்” என்றார். உட்கார்ந்துவிட்டேன். என் கையும் ரொம்பச் சுத்தம் என்று சொல்ல முடியாது. பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணத்துக்கு ரசீது வாங்க மறந்துவிட்டேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்து மறுபடி கூட்டம். நான் கேட்டது விசுவாசக் குறைவா அண்ணே?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பெரியவர் சொன்ன முதல் இரண்டும் வேதத்தில் இருப்பவைதான். “நீ உட்கார்” மட்டும் நான் தேடியவரை எங்கும் இல்லை.

நான் பழைய மொழிபெயர்ப்பை வாசித்து வளர்ந்த சபைக்காரன். அதில் நீதிமொழிகள் 21ஆம் அதிகாரம், “ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது” என்று தொடங்கும். கடலோரம் இருக்கிற உங்களுக்கு இந்தக் ‘கால்’ அவ்வளவு பழக்கமிருக்காது. எனக்கு ராஜசிங்கமங்கலம் பக்கம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று எங்கள் ஊர்ப் பெருமையைச் சொல்வோம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். எவ்வளவு அகலமான காலாக இருந்தாலும் அதில் ஓடுகிற தண்ணீர் அதற்குச் சொந்தமில்லை. ராஜாவை நீர்க்கால் என்று சொன்னவர் அவரைத் தூக்கி வைக்கவில்லை, இடத்தைக் காட்டியிருக்கிறார். தூர்ந்துபோன காலை வெட்டிச் சரிசெய்வது தண்ணீருக்குச் செய்கிற துரோகம் என்று எங்கள் பக்கம் யாரும் சொன்னதில்லை.

என் தாத்தா நீர்பாய்ச்சி, ஊர் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். கண்மாயில் தண்ணீர் வற்றுகிற தை மாதத்தில் முறை வைத்துத்தான் வயலுக்கு விடுவார்கள். எங்கள் வயலின் முறை வருகிற அன்று மட்டும் மண்வெட்டியைப் பக்கத்து வயல்காரர் கையில் கொடுத்துவிட்டு, தலைத்துண்டை விரித்து வரப்பில் உட்கார்ந்துகொள்வார். கேட்டால், “நானே தொறந்தா நாலு வாய் பேசும்டா” என்பார். ஒரு வருடம் அந்தப் பக்கத்து வயல்காரர் வேண்டுமென்றே சீக்கிரம் அடைத்துவிட்டார். எங்கள் வயலில் கடைசி இரண்டு குண்டு நிலம் காய்ந்தது. ஆத்தா ஒரு வாரம் தாத்தாவோடு பேசவில்லை. அடுத்த முறைக்கும் தாத்தா மண்வெட்டியைக் கொடுக்கத்தான் செய்தார், ஆளை மட்டும் மாற்றினார்.

பழைய வேதத்தில் ‘உக்கிராணக்காரன்’ என்று வருகிறதே, அவரும் என் தாத்தா மாதிரி ஆள்தான். உங்கள் கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் ‘வீட்டுப் பொறுப்பாளர்’. சாமான் எதுவும் அவருடையது இல்லை, அதனால்தான் லூக்கா 16இல் எஜமான் கூப்பிட்டுக் கணக்கு கேட்கிறார். தன் சொந்தக் காசைச் செலவழிப்பவனிடம் யாரும் கணக்கு கேட்பதில்லை. “அவர் காசு” என்று பெரியவர் சொன்ன அந்த நிமிடமே நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும்.

அதிகாரத்துக்கு வருவோம். புனித அருளானந்தர் வெட்டப்பட்ட ஓரியூர் உங்களுக்குத் தெரியும், அவர் இரத்தத்தில் சிவந்தது என்று சொல்கிற அந்தச் செம்மண் கொஞ்சம் வீட்டில் வைத்திருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன். அருளானந்தர் போர்த்துகீசிய குரு, ஜான் டி பிரிட்டோ என்பது சொந்தப் பெயர், லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். அந்த இளவரசர் பின்னால் அரசராகி, ஐரோப்பா திரும்பியிருந்த இவரை அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். இவர் மறுத்து மறவர் நாட்டுக்கு, அதாவது நம் ராமநாதபுரம் பக்கத்துக்கு, திரும்பினார். இங்கே அப்போது அரசர் கிழவன் சேதுபதி. தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்த பெரிய ஆள், லேசாக நினைக்க வேண்டாம். மறவர் நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் அருளானந்தரால் மனம் மாறி ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவு செய்தபோது, விலக்கப்பட்டவர்களில் சேதுபதி குடும்பத்துப் பெண்ணும் இருந்தார். அரண்மனைக்குக் கோபம். ‘எல்லா அதிகாரமும் மேலிருந்து வந்தது, அதனால் பழையபடியே இரும்’ என்று அருளானந்தர் தேவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1693 பிப்ரவரி 4இல் கழுத்தை நீட்டினார். அரசனுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாமலா?

சரி, உங்கள் கூட்டம். பெரியவர் வேதம் படித்தவராக இருந்தால் ஒரு வசனத்தோடு வருவார். இரண்டாம் அரசர் நூல் 12ஆம் அதிகாரம், எங்களுக்கு 2 இராஜாக்கள். கோயில் வேலைக்குக் கூலி கொடுக்கப் பணம் வாங்கியவர்களிடம் கணக்கு கேட்கவில்லை, ஏனென்றால் அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று 15ஆம் வசனம் சொல்கிறது. சொல்லட்டும். நீங்கள் கொஞ்சம் மேலே போய் வாசியுங்கள். யோவாஸ் அரசாண்டு இருபத்துமூன்று வருடம் ஆகியும் குருக்கள் காணிக்கையை வாங்கினார்களே தவிர ஆலயத்தைப் பழுதுபார்க்கவில்லை. அப்புறம்தான் யோய்தா குரு ஒரு பெட்டி எடுத்து, மூடியில் துளை போட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார். பெட்டி நிறைந்ததும் அரசனின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணிப் பையில் கட்டுகிறார்கள். ஒருவர் அரண்மனை ஆள், ஒருவர் ஆலயத்து ஆள். அதற்குப் பிறகு வருவதுதான் அந்த 15ஆம் வசனம். பவுலும் எருசலேம் ஏழைகளுக்குப் பிரித்த பணத்தைத் தன்னந்தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குறை சொல்லக்கூடாது என்று சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொண்டார்.

உங்கள் கரையில் இதெல்லாம் புதிதும் இல்லை. மீன் விற்று வந்த பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டுப் பங்கு வைக்கும்போது, கூட வந்த பையன்கூட எட்டிப் பார்த்து எண்ணுவான். அதை யாரும் நம்பிக்கைக் குறைவு என்று எடுத்துக்கொள்வதில்லையே.

பெரியவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். எழுதிவைக்கும் பழக்கமே இல்லாதவராக இருக்கலாம், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. முதலில் இந்த வருட நோட்டை நீங்களே வாசித்துவிடுங்கள், அதன் பிறகு போன வருடத்தைக் கேளுங்கள். பந்தல்காரரிடம் இன்றைக்கே போய் ரசீது வாங்குங்கள். தர மறுத்தால், ரசீது இல்லை என்பதையும் நோட்டில் அந்தத் தொகைக்கு நேரே எழுதி, கூட்டத்தில் முதல் ஆளாக நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்