ஆராய்ச்சி மையமா, வெறும் போர்டா?

கேள்வி: மகள் பி.இ. கணினி அறிவியல் முடிக்கப்போகிறாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.டெக். சைபர் பாதுகாப்பு சேர ஆசைப்படுகிறாள். "எங்களிடம் தனி ஆராய்ச்சி மையமே இருக்கிறது" என்று சொல்லிக் கட்டணமும் கூடுதலாகக் கேட்கிறார்கள். கணினி தெரியாத நான் அந்த மையத்தின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? — ஒரு தந்தை, ஈரோடு

பதில்: கணினி தெரியாவிட்டால் பரவாயில்லை. நேரில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளைகள் கணினி அமைப்புகளைத் தாக்கிப் பழக இங்கே என்ன வைத்திருக்கிறீர்கள்?"

பயிற்சி என்று சொல்லி வங்கிக்குள்ளோ மின்வாரியத்துக்குள்ளோ நுழைய முடியாது. அனுமதியில்லாமல் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பாயும். மூன்றாண்டு வரை சிறை. அதனால்தான் நல்ல மையங்கள், தாக்குவதற்கென்றே சொந்தமாக ஒன்றைக் கட்டி வைத்துக்கொள்கின்றன. ஐஐடி கான்பூரின் சி3ஐ மையத்தில் மின்சாரம், நீர் சுத்திகரிப்பு ஆகியவற்றின் மாதிரி அமைப்புகள் உண்டு. சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் ஐடிரஸ்ட் மையத்தில் இருப்பது 'ஸ்வாட்' என்ற மாதிரித் தண்ணீர் ஆலை. அசல் தண்ணீர், அசல் பம்பு, ஆறு கட்டச் சுத்திகரிப்பு. தொட்டியில் தண்ணீர் குறைவு என்று சென்சாரைப் பொய் சொல்ல வைத்தால் போதும். பம்பு நிற்காமல் ஓடும், தொட்டி வழியும். ஆலையை 11 நாள் ஓட்டி, 7 நாள் ஒழுங்காகவும் 4 நாள் தாக்குதலோடும் பதிவான அளவீடுகளை மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் தருகிறார்கள். உங்கள் மகளும் கேட்டு வாங்கலாம்.

எல்லாரும் தண்ணீர் ஆலை கட்ட வேண்டியதில்லை. மேசைமேல் நாலு ரவுட்டர் பிரித்துப் போட்டுக் கிடந்தாலே எனக்கு நம்பிக்கை வந்துவிடும். ஏசி அறை, பெரிய திரை, உலக வரைபடத்தில் சைபர் தாக்குதல்கள் என்று பறக்கும் சிவப்புக் கோடுகள் என்றால்தான் சந்தேகம் வரும். அந்த வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது!

மற்றதை மகள் பார்த்துக்கொள்ளட்டும். கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் 'டிபிஎல்பி' தளத்தில் பேராசிரியர்களின் பெயரைத் தேடினால் கட்டுரைகள் வந்து விழும். யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டி, என்டிஎஸ்எஸ் போன்ற முன்னணிச் சைபர் பாதுகாப்பு மாநாடுகளில் ஒன்றிரண்டு இருந்தாலே பெரிய விஷயம். இல்லையென்றால், மாணவர்கள் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகளுக்கு சிவிஇ எண் (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்) வாங்கியிருக்கிறார்களா என்று கேட்கட்டும். அது பொதுப் பட்டியல் என்பதால் யாரும் சரிபார்க்கலாம். புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட போட்டோக்களை நீட்டினால், பார்த்துவிட்டு டீயைக் குடியுங்கள். அவ்வளவுதான் அவற்றின் மதிப்பு.

கூடுதல் கட்டணம் எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள். கேட் தேர்வில் தேறி, ஏஐசிடிஇ அங்கீகாரமுள்ள எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு வழி உண்டு. அது அங்கே கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஒன்று முக்கியம்: அவர்கள் அழைக்கும் நாளில் போகாதீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். மையம் பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று அங்கே நிற்கும் மாணவர்களைக் கேளுங்கள்.