41 வயதில் கர்ப்பம், ரத்த அழுத்த மாத்திரை: இன்றே மருத்துவரை அழையுங்கள்

சகோதரி, 41 வயதில் 9 வாரக் கர்ப்பம், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் லோசார்ட்டன் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றே மருத்துவரை அழையுங்கள். லோசார்ட்டன் கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கர்ப்பத்தில் தொடரக் கூடாது. ஆனால் மாற்று மருந்து இல்லாமல் அழுத்தத்தை ஏறவிடுவதும் ஆபத்துதான். பெரும்பாலும் லாபெட்டலால் அல்லது நிஃபெடிபினுக்கு மாற்றுவார்கள். இதுவரை சாப்பிட்டதை எண்ணிக் குமையாதீர்கள். முக்கிய பாதிப்பு பிந்தைய மாதங்களில்தான்.

எனக்கு 40 வயதில் மகள் பிறந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, காலையிலும் இரவிலும் அழுத்தத்தை அளந்து எழுதுவேன். 31ஆம் வாரத்தில் எண்கள் மெல்ல ஏறின. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. நீங்களும் எழுதுங்கள்.

குழந்தைக்கு டவுன் நோய்க்குறி (பிறவியிலேயே வரும் குரோமோசோம் கோளாறு) வரும் என்று உறவினர்கள் பயமுறுத்துவதை விடுங்கள். 40 வயதில் அந்த வாய்ப்பு ஏறக்குறைய 100இல் ஒன்றுதான். 10ஆம் வாரத்திலிருந்து அதற்கான ரத்தப் பரிசோதனை செய்யலாம். ஃபோலிக் அமிலத்தை 12 வாரம் வரை விடாதீர்கள்.

20 வாரத்துக்குப் பிறகு கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மருத்துவர் என்ன மாற்றினார் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.